வாங்க வந்தவர் தொடக்கூடாத கிணறு

இதை எழுதியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு என்னைத் தள்ளியது ஒரு கைப்பேசிச் செய்தி. நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் நலச்சங்கத்தார், முதியோருக்குப் பயன்படும் என்று கருதி, "வீடு விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் பத்து அறிவுரைகள்" என்றொரு பட்டியலைச் சென்ற வாரம் எல்லோருக்கும் அனுப்பினர். சுவருக்கு வெளிர்நிறம் பூசுக. பார்க்க வருவோர் மூக்கில் காப்பி மணம் படுமாறு செய்க. குடும்பப் படங்களை இறக்கி வைக்க. பழையனவற்றை அப்புறப்படுத்துக. பழையன என்பதில் நாமும் அடங்குவோமா என்பது அங்கே விளக்கப்படவில்லை. பத்தையும் இருமுறை படித்தேன். தண்ணீர் என்ற சொல் ஓரிடத்தும் இல்லை. பொய் என்ற சொல்லும் இல்லை. இவ்விரண்டும் இன்றிச் சென்னையில் வீடு விற்பதைப் பற்றி எழுதக்கூடியவர், ஒன்று வீடே வாங்காதவராக இருக்க வேண்டும். அல்லது வீடு விற்றே பிழைப்பவராக இருக்க வேண்டும்.

என் வயதொத்த உங்களுக்கே இதனை எழுதுகிறேன். உங்களுள் பலர் மயிலாப்பூரில் தந்தையார் விட்டுச்சென்ற வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு, அதே மண்ணுக்கு மேல் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளைப் பெற்றுக்கொண்டு, அதை வெற்றி என்று சொல்லித் திரிகிறீர்கள். உங்கள் மக்களோ பெருங்குடியில் மாதிரி வீடு பார்க்கச் செல்கின்றனர். அறை பெரிதாகத் தோன்றும்பொருட்டு அங்கே நான்கு விரற்கடை குறைத்துச் செய்த கட்டிலின்மேல் அமர்ந்து படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகின்றனர். நீங்களும் அழகு என்று விடையளிக்கிறீர்கள். அந்த வளாகத்தின் பின்வாசலுக்குப் போய், நாளொன்றுக்குத் தண்ணீர் லாரி எத்தனை முறை வருகிறது என்று காவலாளியைக் கேட்டவர் உங்களுள் எவரேனும் உண்டா? பெருங்குடிக் குப்பைமேட்டின் காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வீசும் என்று அங்குள்ள தேநீர்க் கடைக்காரரைக் கேட்டதுண்டா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்பது நம் தகுதிக்குக் குறைவு. இந்தத் தகுதி என்னும் நோயைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்கு அப்போது பத்து வயது.

மயிலாப்பூரில் குளத்திற்கு வடக்கே ஒரு குறுந்தெருவில் எங்கள் வீடு. அப்பா அதை விற்றுவிட்டு அடையாற்றுக்குக் குடிபெயர முடிவு செய்தார். அவருடைய அலுவலகத்து மேலாளர் இருவர் அங்கே சுற்றுச்சுவரும் மாமரமும் உள்ள தனிவீடுகளில் குடியேறியிருந்தனர் என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் நான் கண்டறியவில்லை. அடையாற்றில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வீடு விலைக்கு வந்தது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் அதைப் பார்க்கப் போனோம். அதிகாரி அப்பாவுக்குக் கச்சேரிகளைப் பற்றிச் சொன்னார். அவர் மனைவியார் வெள்ளித் தம்ளரில் காப்பி கொடுத்தார். நல்ல காப்பி. அப்பா அந்த வீட்டில் பார்த்தது அந்தத் தம்ளரை மட்டுமே என்று இப்போது எண்ணுகிறேன்.

அம்மா சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கையில் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏன்னா, கொல்லையில அவ்வளவு பெரிய கிணறு இருக்கு. ஆத்துக்குள்ள எதுக்குப் பத்துக் குடத்துல தண்ணி ரொப்பி மூடி வெச்சிருக்கா?"

"சுத்தமா இருக்கறவா அப்படித்தான் வெச்சிண்டிருப்பா."

"ஒரு சொம்பு கிணத்துத் தண்ணி வாங்கிண்டு வந்து பருப்பு வேக வெச்சுப் பாத்துடலாமே."

"அவர் யாருன்னு தெரியுமோ உனக்கு? அவர்கிட்டப் போய் உங்காத்துத் தண்ணி நன்னாருக்குமான்னு கேக்கச் சொல்றியா? மானம் போயிடும்."

துவரம்பருப்பு வேகாத தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பது அக்காலத்தில் சென்னையில் அடுப்பு மூட்டிய எவருக்கும் தெரியும். வீடு பார்க்கப் போகும் பெண்டிர் முந்தானை முடிச்சில் ஒரு பிடி பருப்பை எடுத்துச் செல்வது வழக்கம். அம்மாவின் முடிச்சிலும் அன்று பருப்பு இருந்தது. அவிழ்க்காமலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதிகாரியிடம் அப்பா அன்றே வாக்குக் கொடுத்துவிட்டார்.

இனி எங்கள் வீட்டை விற்க வேண்டும். எங்கள் கிணறோ கார்த்திகையில் இனிக்கும். பங்குனி பிறந்தால் உப்புக் கரிக்கும். பார்க்க வந்த முதல் இருவரும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பவில்லை. சித்திரை முதல் வாரத்தில் தரகர் ஒரு புதுச் செய்தியோடு வந்தார்.

"ஒரு அம்மா கீது சாமி. தேனாம்பேட்டைல பட்டறைக்காரங்களுக்குக் கூடைல சோறு விக்குது. கால்வா ஓரத்துல குடிசை. அங்க எல்லாத்தையும் காலி பண்ணி ஊருக்கு வெளிய கொண்டு போய்த் தள்ளப் போறாங்களாம். நடந்து போற தூரத்துல ஒரு வூடு கெடைக்கலன்னா அதுங்க பொழப்பு பூடும். மொத்தக் காசும் கையில வெச்சிக்கினு அலையுது."

அப்பாவின் முகம் சுருங்கியது. தரகர் வெற்றிலையை மறுகன்னத்திற்கு மாற்றினார்.

"ரூபாய்க்கு ஏது சாமி தீட்டு? கைல வாங்க வாணாம்னா சொல்லுங்க, நான் தட்டுல வெச்சித் தரச் சொல்றேன்."

அப்பா இசைந்தார். அந்த அம்மாளுக்கு வேறு வழியில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. வழியற்றவர் எதையும் விழுங்குவார் என்று கருதினார். விற்போர் பலர் இன்றும் அவ்வாறே கருதுகின்றனர். நானறிந்த அளவில் அவர்கள் கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதே இல்லை என்பதுதான் கொடுமை.

எங்கள் தெருமுனையில் ஒரு சத்திரம் இருந்தது. அதன் கிணற்று நீர் கோடையிலும் இளநீர் போலிருக்கும். கிணற்றின் மேல் ஒரு பெரிய வேப்பமரம் கவிந்து நின்றது. அக்கிணற்றின் அமைப்பை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சத்திரத்தின் மதில் கிணற்று வாயின் நடுவே குறுக்காகச் சென்றது. மதிலுக்கு உள்ளே பாதிவாய்; அது எங்கள் தெருவாருக்கு. வெளியே சந்துப் பக்கம் பாதிவாய், அது மற்றவர்க்கு. நீர் ஒன்றே, ஊற்று ஒன்றே, வாளிகள் ஆழத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் ஓசை கூடக் கேட்கும். ஆனால் மதில் இருந்தபடியால் தூய்மை காக்கப்பட்டதாக எங்கள் தெருவின் கற்றறிந்த பெரியோர் அனைவரும் நம்பினர். அவர்களுள் மூவர் கல்லூரி ஆசிரியர்.

சாப்பாட்டுக்கார அம்மாள் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று காலையில் அப்பா என்னிடம் செப்புக் குடத்தைக் கொடுத்தார். அம்மா மணமாகி வந்தபோது கொண்டுவந்த குடம் அது. கழுத்தில் சிறு நெளிவு உண்டு. சத்திரத்து நீரை மொண்டுவந்து எங்கள் கிணற்றங்கரையில் ஓலைத் தட்டிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அந்த அம்மாள் வந்ததும் நான் இராட்டினம் ஓசைப்பட நீரிறைத்து, தட்டிக்குப் பின்னால் போய் அதைக் கிணற்றிலேயே கவிழ்த்துவிட்டு, செப்புக் குடத்தோடு வர வேண்டும்.

"குழந்தையைப் பொய் சொல்லச் சொல்றேளே," என்றார் அம்மா.

"பொய் எங்க சொல்றா? தண்ணி மொண்டு கொடுக்கறா, அவ்வளவுதான்."

பிற்பகலில் அந்த அம்மாள் தரகரோடு வந்தார். நெடிய உருவம். சோற்றுக்கூடை சுமந்து சுமந்து கழுத்து இறுகி நிமிர்ந்திருந்தது. சேலையில் கடுகு தாளித்த மணம். வீட்டை ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். சுவரை விரலால் தட்டினார். கூரையின் உத்தரத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். கொல்லைக்கு வந்து, ஓரத்தில் தென்னை நின்ற நீண்ட நிலத்துண்டு இவ்வீட்டைச் சேர்ந்ததா என்று கேட்டார். ஆம் என்றார் அப்பா. பின்னர் அந்த அம்மாள் கிணற்றை நோக்கி நடந்தார்.

"அங்க போகப்படாதும்மா. ஆத்துக் கிணறு, மடி. பொண்ணு மொண்டு தருவா. நீ இப்படி வாசப்படியாண்ட நில்லு."

"நான் வாங்கிக்கினா இன்னா பண்ணுவீங்க சாமி? கெணத்தையும் எட்துக்கினு போயிடுவீங்களா?"

தரகர் சிரித்துவிட்டு, அப்பாவைக் கண்டு இருமினார். அப்பா சிரிக்கவில்லை. விற்கப் போகும் கிணற்றை வாங்கப் போகிறவர் தொடலாகாது. இந்த அறிவீனத்தை அன்று எங்கள் தெருவில் ஒருவரும் அறிவீனமாகக் கருதியிருக்க மாட்டார்கள். அப்பாவுக்கோ அது நம்பிக்கையும் ஆயிற்று, மறைப்பும் ஆயிற்று. நம்பிக்கையை இவ்வளவு வசதியாகப் பயன்படுத்திய மனிதரை நான் பின்னர் பலமுறை கண்டிருக்கிறேன்; முதலில் கண்டது வீட்டில்.

நான் இராட்டினத்தை உருட்டினேன். அது கிறீச்சிட்டது. சொன்னபடி செய்து, செப்புக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மாள் தம் கலயத்தைத் தரையில் வைத்தார்.

"மேல படாம, உசரத்திலேர்ந்து விடு," என்றார் அப்பா.

குடத்தைக் கலயத்திற்கு ஒரு முழம் மேலே பிடித்து ஊற்றினேன். பாதி கலயத்தில் விழுந்தது. பாதி அவர் காலில் தெறித்தது. கலயத்தில் சிறு வெண்பூ ஒன்று மிதந்தது. அவர் அதை விரல்நுனியில் ஒற்றி எடுத்துப் பார்த்தார், சேலையில் துடைத்துக்கொண்டார். ஒரு கை நீரைக் குடித்தார்.

"இந்தக் கெணத்துத் தண்ணிதானே பாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா சமையலறை நிலைப்படியில் தலைகவிழ்ந்து நின்றார்.

"ஆமாம்," என்றேன்.

"செரி. வேக வெச்சிப் பாத்து நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் காலை, கூடையோடு தேனாம்பேட்டைக்குப் போகும் வழியில், வாசலில் நின்றே சொன்னார்.

"பருப்பு பூவாட்டம் வெந்துச்சி சாமி. எப்பவும் போல."

அந்தக் கடைசி இரண்டு சொற்களை அப்பா கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. அப்பா உள்ளே வந்து, படிக்காதவர்களை ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்று அம்மாவிடம் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார்.

அதன்பின் அவர் நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை. அந்த அம்மாளிடம் நாள்தோறும் சோறு வாங்கி உண்ணும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்தார். மூலப்பத்திரம் கேட்டார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். நில அளவையாளரைக் கொண்டுவந்து நாற்புறமும் சங்கிலி பிடித்து அளந்தார். தென்னை நின்ற நிலத்துண்டு சத்திரத்திற்கு உரியது என்பது வெளிப்பட்டது. எங்கள் முன்னோர் ஒருவர் அங்கே மாடு கட்டிக்கொள்ள இசைவு பெற்றிருந்தார், அவ்வளவே. இதனை அப்பா முன்பே அறிந்திருந்தாரா என்பதை நான் இன்றளவும் அறியேன். அறிந்தே சொன்னாரென்றால் அவர் பொய்யர். அறியாமல் சொன்னாரென்றால், தம் வீட்டின் பத்திரத்தை நாற்பது வயது வரை படித்துப் பாராதவர். எது மேல் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தை எப்போது கடைசியாகப் படித்தீர்கள் என்பதையும் கூடவே எண்ணிப் பாருங்கள்.

விலை இறங்கியது. அதிகாரிக்குக் கொடுத்த வாக்கின் கெடு நெருங்கிவிட்டதால் அப்பாவால் மறுக்க இயலவில்லை.

"சோறு விக்கறவளுக்கு நாலெல்லை தெரியறதாம்," என்று பல நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பத்திரப் பதிவன்று, எழுத்தர் கைநாட்டு மைப்பெட்டியைத் தாமாகவே அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினாராம். அவர் அதைத் திருப்பி நகர்த்திவிட்டு, எல்லைகளை மட்டும் இன்னொரு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபின், மெல்ல மெல்லக் கையெழுத்திட்டாராம். இதைத் தரகர் தெருமுழுதும் சொல்லிச் சிரித்தார்.

ஆனியில் அடையாற்றுக்குப் போனோம். முதல் நாளே பருப்பு வேகவில்லை. இரண்டு மணிநேரம் கொதித்த பின்னும் கூழாங்கல் போல் ஏனத்தின் அடியில் உருண்டது. காப்பி திரிந்தது. துணி மஞ்சள் பாரித்தது. அதிகாரியின் பத்துக் குடங்களிலும் இருந்தது எங்கிருந்தோ வண்டியில் வந்த நீர் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். வெள்ளித் தம்ளரில் அப்பா குடித்தது அந்த வண்டி நீரை. அவர் செய்ததையே அவருக்குச் செய்திருந்தார்கள். ஒரே வேறுபாடு, அவர் ஒரு கேள்வியும் கேளாததால் அவர்கள் ஒரு பொய்யும் சொல்ல நேரவில்லை. ஐப்பசியில் அந்தத் தெருவே முழங்கால் நீரில் நின்றது தனிக்கதை. கோடையில் வீடு பார்க்காதீர்கள். அடைமழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பத்து அறிவுரைகளில் இது இல்லை.

ஆடியில் ஒருநாள், அப்பா அலுவலகம் சென்றபின், அம்மா செப்புக் குடத்தை என்னிடம் கொடுத்துப் பேருந்துக்குச் சில்லறையும் தந்தார்.

"சத்திரத்துக் கிணத்துல ஒரு குடம் எடுத்துண்டு வா. அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்."

சத்திரத்துக் காவற்காரர் கதவைத் திறக்கவில்லை. நாங்கள் இப்போது தெருவார் அல்லர் என்பது அவருடைய விளக்கம். இரண்டு திங்களுக்கு முன்வரை என்னைச் சின்னம்மா என்று அழைத்தவர். வேறு வழியின்றி மதிலைச் சுற்றிக்கொண்டு சந்துப் பக்கம் போனேன். அங்கே நீரிறைக்க இராட்டினம் கிடையாது. அவரவர் கயிறும் வாளியும் கொண்டுவர வேண்டும். என்னிடம் குடம் மட்டுமே இருந்தது. கிணற்று மேடையில், பெரிய அண்டா ஒன்றை நிரப்பிக்கொண்டு, அந்த அம்மாள் நின்றார்.

"இன்னா பாப்பா, அடையார்ல தண்ணி கெடயாதா?"

"பருப்பு வேகல்லை," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு எனக்கு ஊத்துனியே, இதே தண்ணிதான். வேப்பம்பூ மெதந்துக்கினு கெடந்துச்சி. உங்க வூட்டாண்ட வேப்பமரம் ஏது? பூவ வுடு. இருவது வருசமா இதுலதான் சோறு பொங்கறேன். வாயில வெச்சா தெரியாதா?"

"தெரிஞ்சுமா வாங்கினேள்?"

"கால்வாயாண்ட எங்க குடிசைய பிரிச்சிக்கினு கீறாங்க. லாரில ஏத்தி எங்கயோ கொண்டு போய் எறக்கறாங்க. அங்க போய்ட்டா என் சோத்த எவன் துன்னுவான்? எனக்கு எடம் ஓணும். தண்ணிதான் இங்க நாலு எட்டுல கீதே. உப்புத் தண்ணி ஏனம் கழுவ ஆச்சு." அவர் வாளியைக் கிணற்றில் இறக்கினார். "ஆனா ஒண்ணு பாப்பா. தண்ணில பொய் சொல்றவரு பத்திரத்துல இன்னா சொல்வாரோன்னு தோணிச்சி. அதான் குமாஸ்தாவக் கூப்ட்டேன். உங்கப்பா மட்டும் அந்த உப்புத் தண்ணியவே குட்த்திருந்தா, நல்ல மனுசன்னு நெனச்சி, கேட்ட வெலைய குட்த்து, அந்தத் தென்னமரத்தையும் சேத்து ஏமாந்து பூட்டிருப்பேன்."

இதனினும் சிறந்த அறிவுரையை வீடு வாங்குவோர்க்கு எவரும் வழங்கியதாக நான் படித்ததில்லை. விடை உங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு கேள்வியை விற்பவரிடம் கேளுங்கள். வீட்டைச் சோதிப்பது அதற்குப் பிறகு.

வாளியை மேலே இழுத்துவிட்டு, கயிற்றின் நுனியை என் பக்கம் நீட்டினார்.

"எறச்சிக்கறியா?"

கையை நீட்டினேன். கயிற்றுக்கு நான்கு விரல் முன்னால் அது நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. வீட்டில் மூன்று வேளையும் கற்ற கை தானாக நின்றது. அவர் அதைப் பார்த்தார். கயிற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொடத்த கீழ வெய்யி."

வைத்தேன். அவர் வாளியை எடுத்து, குடத்தின் வாய்க்கு ஒரு முழம் மேலே பிடித்து, நூல் போல் ஊற்றினார். ஒரு சொட்டும் வெளியே விழவில்லை. என் கால் நனையவில்லை.

காவற்காரர் கதவைத் திறக்கவில்லை என்று வீட்டில் சொன்னதும் அம்மா, கயிறில்லாமல் எப்படி நிரப்பினாய் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டிவிடுவார் என்று எண்ணினேன். அடுப்பு மூட்டினார். அன்று நிலைப்படியில் தலைகவிழ்ந்து நின்றவரைக் கோழை என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அந்த நீரை உலையில் ஏற்ற எவ்வளவு துணிவு வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இரவு உணவில் அப்பா இரண்டாம் முறை பருப்பு கேட்டார்.

"இன்னிக்கு வெண்ணெயா வெந்திருக்கே. பாத்தியா, நான் சொல்லல? கிணறு சரியாயிண்டு வரது. பெரிய மனுஷாகிட்ட வாங்கின இடம் வீண்போகாது."

அம்மா இன்னொரு கரண்டி பரிமாறினார். அப்பா இறக்கும்வரை அடையாற்றுக் கிணற்றை நம்பியிருந்தார். செப்புக் குடம், அடையாற்று வீட்டையும் விற்றபோது, பழையனவற்றை அப்புறப்படுத்திய வகையில் போயிற்று.

என் நினைவில் பிழைகள் இருக்கும். மயிலாப்பூரில் என்னோடு வளர்ந்தவர்கள் திருத்த வேண்டுகிறேன். அந்த மதில் கிணற்றின் சரிபாதியில் சென்றதா, எங்கள் பக்கம் சற்று மிகுதியாக இருந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அளந்தது சங்கிலியா நாடாவா என்பதிலும், வேப்பமரம் மதிலுக்கு எந்தப் பக்கம் வேரூன்றியிருந்தது என்பதிலும் உறுதியில்லை. அறிந்தோர் எழுதுக, நன்றியோடு மாற்றிக்கொள்கிறேன். ஒரு முழம் என்ற அளவை மட்டும் திருத்த வேண்டா. இருமுறையும் அருகில் நின்று பார்த்தவள் நான்.